ஆம்பூரிலிருந்து தோல் வாங்கப் போனேன்

ஆம்பூரில் பிறந்து ஆம்பூரிலேயே வேலை செய்கிற ஒருத்தி தோல் வாங்கப் பெங்களூருக்குப் போகிறாள் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் ஊரில் காலையில் கதவைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது தோல் வாசனை. நான் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற மெஷினில் உட்காருகிறவள். லீவு கேட்டபோது சூப்பர்வைசர், "தோல் வேணும்னா கீழ கட்டிங்ல கேளும்மா, ரெண்டு துண்டு குடுப்பாங்க" என்றார். பக்கத்து மெஷின்காரிகள் நாலு நாளைக்கு அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

நான் வாங்கப் போனது டிரம்முக்குப் போடுகிற தோல். தோல் என்று சொல்கிறோமே தவிர அது பிளாஸ்டிக். எங்கள் சபைப் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த சாம் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் அடித்த அடியில் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் தோல் கிழிந்தது. அன்று மூடிய டிரம்ஸ் அப்படியே இருந்தது. மூடுகிற உறைகளைத் தைத்தவள் நான்தான். ஒவ்வொரு டிரம்மின் சுற்றளவும் எனக்கு மனப்பாடம்.

குழுவை நடத்துகிற ஜெபமணி மாஸ்டர் ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பெங்களூரில் இசைக்கருவி வியாபாரிகளின் கண்காட்சி நடக்கிறதாம், எல்லா சாமானும் அங்கே கிடைக்குமாம். "உங்க நாத்தனார் அங்கதான இருக்காங்க எஸ்தரம்மா, போய்ட்டு வந்துடுங்க. தோல் வந்ததும் வேலூர் பையனுக்கு போன் பண்ணிடறேன். கிறிஸ்துமஸுக்கு அவன் வந்து வாசிக்கட்டும்" என்றார்.

நான் பல வருஷமாக அந்தக் குழுவில், கையில் பிடித்துக் குலுக்குகிற டாம்பரின் தட்டுகிறேன். ஆனால் என் காது முழுக்க டிரம்ஸில்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடியிலும், வீட்டில் பிஸ்கட் டின்னிலும், பஸ்ஸில் என் தொடையிலும் சாம் வாசித்த எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் சபையில் பெண்கள் யாரும் டிரம்ஸில் உட்கார்ந்ததில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. கேட்டவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

வேலூர் பையன் வேண்டாம், நான் வாசிக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மாஸ்டர்..." என்பது மட்டும் வந்தது.

"என்னம்மா?"

"எத்தன இஞ்ச் மாஸ்டர்?"

எத்தனை இஞ்ச் என்று அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்குப் பேச்சு எப்போதும் பாதியில் நின்றுவிடும். மிச்சப் பாதியை எதிரில் இருப்பவர்களே புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் வேறு எதையோ புரிந்துகொள்வார்கள்.

வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியாகத்தான் போனேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் என் நாத்தனார் ஸ்டெல்லா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து பெங்களூர்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் சமையல் வேலை. பங்களாவுக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. அவள் வீட்டுக்காரர் பாபு தங்கவயல்காரர். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. அவர் இருட்டோடு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறார், இருட்டோடு வந்து இறங்குகிறார். பெங்களூரில் இருந்தாலும் பகலில் பெங்களூரைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்று சிரித்தார்.

ஊரிலிருந்து மக்கன் பேடா என்கிற இனிப்பு கொண்டுபோயிருந்தேன். ஸ்டெல்லா அதில் நாலை எடுத்துப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னாள். நான் கதவைத் தட்டித் தட்டை நீட்டி, "பேடா" என்றேன். அந்த அம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்து சொன்னதும் பாபு விழுந்து விழுந்து சிரித்தார். கன்னடத்தில் 'பேட' என்றால் வேண்டாம் என்று அர்த்தமாம். "தட்ட நீட்டி நீங்களே வேணாம்னு சொன்னா அவங்க இன்னா பண்ணுவாங்க அக்கா?" என்றார். பிறகு ஸ்டெல்லா போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வைத்த சாம்பார் லேசாக இனித்தது. வெல்லம் தவறி விழுந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். அவளே சொன்னாள், பங்களாவில் அப்படித்தான் கேட்கிறார்களாம், கை பழகிவிட்டதாம். படுக்கும்போது எதற்காக வந்திருக்கிறேன் என்று அவளிடம் முழுதாகச் சொன்னேன். தோல் விஷயத்தோடு வேலூர் பையன் விஷயத்தையும் சொன்னேன். இருட்டில் முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "தட்டறதுக்கு ஆசையா இருந்தா இங்க கொசு நெறய இருக்குது அண்ணி, அத தட்டுங்க" என்றாள். அவள் அப்படித்தான். கேலி செய்தால் காதில் வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம்.

மறுநாள் அவளுக்குப் பங்களாவில் விருந்தாளிகள். சிவாஜிநகர் போய் அங்கிருந்து எந்தப் பஸ் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்து அனுப்பினாள். பஸ் போர்டெல்லாம் கன்னடம். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தெலுங்கு எழுத்து மாதிரியே வளைந்து வளைந்து இருந்தது. எனக்கு அதுவும் வாசிக்க வராது. கண்டக்டர் எனக்கு முன்னால் இருந்தவரிடம் கன்னடத்தில் பேசினார், பின்னால் இருந்தவரிடம் உருதுவில் பேசினார், என்னிடம் என்ன பாஷை என்று கேட்காமலேயே தமிழில், "எங்கம்மா?" என்றார். கண்காட்சி நடக்கிற அரண்மனை மைதானம் என்று முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் "பேலஸ்" என்றேன். அவர் தலையசைத்து டிக்கெட் கிழித்தார்.

இறக்கிவிட்ட இடத்தில் காய்கறிக் கடையும் மாவு மில்லும் இருந்தன. அரண்மனையும் இல்லை, மைதானமும் இல்லை. அது பேலஸ் குட்டஹள்ளி என்று பூக்காரம்மா சொன்னார். "நெறய பேர் இப்படித்தான் வந்து எறங்கிக்கினு முழிக்கிறாங்கோ" என்று ஆறுதலும் சொன்னார். அங்கே ஒரு சின்ன ஓட்டலில் நின்றுகொண்டே தட்டு இட்லி சாப்பிட்டேன். பெயருக்கேற்ற மாதிரி தட்டு அகலம். எங்கள் ஊரில் மூன்று இட்லி வைக்கிற இடத்தில் இங்கே ஒன்று. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒரு காபியை வாங்கி இரண்டு டம்ளரில் பாதி பாதியாக ஊற்றிக்கொண்டார்கள். அதற்கு 'பை டூ' என்று பெயர். சண்டை இல்லாமல் ஒரே அளவில் ஊற்றினார்கள். பிறகு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரையும் இரண்டு தடவை சொன்னேன்.

கண்காட்சிக் கூடாரம் எங்கள் ஊர் ரயில்வே பிளாட்பாரம் நீளம் இருந்தது. வாசலில் ஒரு பெண் எந்தக் கம்பெனி, என்ன சாமான் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஆம்பூர்" என்றேன், "ஸ்கின்" என்றேன். அவள் எதையோ தட்டச்சு செய்து ஒரு அட்டையைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள். உள்ளே போன பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'லெதர், ஆம்பூர்' என்று இருந்தது. திரும்பிப் போய் மாற்றித் தரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அட்டையால் வந்த வினை, தபேலா செய்கிற ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். உட்கார நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். ஆம்பூரில் இருந்துகொண்டு உருது காதில் விழாமல் இருக்க முடியாது. அவர் கேட்டது புரிந்தது. மாதாமாதம் ஆட்டுத்தோல் அனுப்ப முடியுமா என்கிறார். "நை" என்றேன். விலைக்காக முரண்டு பிடிக்கிறேன் என்று நினைத்து இன்னும் பணிவாகக் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு, நான் தைக்கிறவள்தான் என்று கையால் மெஷின் ஓட்டிக் காட்டிவிட்டு எழுந்தேன். அவரும் சிரித்துவிட்டார். அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

டிரம்ஸ் வரிசைக்குப் போனதும் கால் நின்றுவிட்டது. இத்தனை டிரம்ஸை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. சிவப்பு, நீலம், மரத்தின் நரம்பு தெரிகிற பழுப்பு. இடுப்பு உயரக் காங்கோக்கள், கேரளத்துச் செண்டை, தண்ணீர்க் குழாய் மாதிரி நீளமான ஏதோ ஒன்று. யார் வேண்டுமானாலும் வாசித்துப் பார்க்கலாம் என்று ஒரு செட்டை நடுவில் போட்டிருந்தார்கள். முடியைப் பின்னால் கட்டியிருந்த ஒருவர் வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக்கொண்டிருந்தார். காலேஜ் பையன்கள், டை கட்டினவர், ஒரு வெள்ளைக்காரர் என்று எல்லோரும் உட்கார்ந்து எழுந்தார்கள். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை அவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் பக்கத்துக் கடை விளம்பரத்தை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

தோல் விற்கிற கடையில் என் பையிலிருந்து ஒரு காகித வட்டத்தை எடுத்து விரித்தேன். ஷூவுக்கு வெட்டுவதுபோல ஸ்னேரின் மேல் செய்தித்தாளை வைத்து வெட்டிக் கொண்டுவந்திருந்தேன். கடைக்காரருக்குத் தமிழ் தெரிந்தது. பதினாலு இஞ்ச் என்று எல்லாரும் வாயால் சொல்வார்கள், பேப்பரில் கொண்டுவந்தது நீங்கள்தான் என்று காகிதத்தைப் பக்கத்துக் கடைக்காரருக்கும் தூக்கிக் காட்டினார். ஆனால் சாமானை இப்போது கொடுக்க முடியாதாம். கடைசி நாள் மதியத்துக்கு மேல்தான் விற்பார்களாம். அதாவது நாளைக்கு.

வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டுக்குப் போனதும் ஸ்டெல்லா கேட்டது ஒரே கேள்விதான். "ஒக்காந்தீங்களா?"

"தோல் நாளைக்குத்தான் தருவாங்களாம்."

"தோல யாரு கேட்டா? ஒக்காந்தீங்களா இல்லயா?"

நான் கத்திரிக்காய் நறுக்குவதில் கவனமாக இருந்தேன். அவள் பெருமூச்சு விட்டு, "நாளைக்கி நானும் வர்றேன்" என்றாள்.

பங்களா அம்மாவிடம் என்ன சொன்னாளோ, மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். தோல் வாங்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் காகிதத்தை அதன் மேல் வைத்துப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டேன். வந்த வேலை முடிந்தது. ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்து அந்த நடு செட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, சும்னே நின்னு பாத்துக்கினே இருந்தா எவன் கூப்புடுவான்?"

முடி கட்டினவரிடம் அவள் கன்னடத்தில் கடகடவென்று பேசினாள். என்னைக் காட்டினாள், கையால் தட்டிக் காட்டினாள். அவர் பெயர் மஞ்சு, அங்கே ஆண்களுக்கும் வைக்கிற பெயராம். அவர் சிரித்துத் தலையாட்டினார். கடைசி நாள் என்பதால் கூட்டம் குறைவு. அப்போது பார்த்து ஸ்டெல்லாவுக்கு எதிர்க் கடையில் தெரிந்த முகம் ஒன்று தென்பட, "தோ வர்றேன்" என்று போய்விட்டாள்.

மஞ்சு பெரிய டிரம்முக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்தார். ஒரு கையைத் தூக்கி நாற்காலிப் பக்கமாகக் கீழே அசைத்து, "ஸ்வல்ப தாளி மேடம்" என்றார்.

ஸ்வல்ப என்றால் கொஞ்சம். அதை இரண்டு நாளாகத் தெருவெல்லாம் கேட்டிருந்தேன். தாளி என்றால் தாளமாகத்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் தாளம் போடுங்கள் என்கிறார். நான் பாதி வார்த்தை பேசுகிறவள், அவரும் அப்படி ஒரு ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கையையும் உட்காருங்கள் என்றுதானே அசைத்தார். பையைக் கீழே வைத்தேன். உட்கார்ந்தேன். குச்சிகள் ஸ்னேரின் மேலேயே இருந்தன. இன்னொரு நொடி யோசித்திருந்தால் எழுந்திருப்பேன். யோசிக்கவில்லை. பெரிய டிரம்மை ஒரு மிதி மிதித்து, கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுக்கு வாசிக்கிற ஆறெண்ணி அடியை ஆரம்பித்தேன்.

மஞ்சு அலறிக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் சிம்பல் தட்டில் தலை இடித்து, அது தனியாக ஒரு சத்தம் போட்டது. அவர் மிதிகட்டையின் திருகை முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் விரல் நசுங்காமல் தப்பியது கர்த்தர் கிருபை. சத்தம் கேட்டு ஸ்டெல்லா ஓடி வந்தாள். என்ன நடந்தது என்று அவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மஞ்சு தலையைத் தடவிக்கொண்டு தமிழில் சொன்னார். "மேடம், தாளின்னா கன்னடத்துல வெய்ட் பண்ணுங்கன்னு. கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன் நான்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. குச்சியை வைத்துவிட்டு எழுந்தேன். "ஸாரி" என்றேனா, அதுவும் பாதியில் நின்றதா, நினைவில்லை.

"எங்க போறீங்க? இப்ப வாசிங்க. திருகு டைட் ஆயிடுச்சு" என்றார்.

மறுபடி உட்கார்ந்தேன். கை சரியாகத்தான் போனது. பிஸ்கட் டின்னில் போகிறபடியே போனது. பெரிய டிரம்தான் 'டப்' என்று அடைத்த மாதிரி கேட்டது. சாம் மிதித்தால் அது வயிற்றில் வந்து மோதும். மஞ்சு என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். மெஷினில் தைக்கிறேன் என்றேன்.

"அதான். மிதிச்சு அமுக்கிக்கிட்டே இருக்கீங்க. விட மாட்டேங்கறீங்க. தொட்டதும் விட்டுடுங்க மேடம், சத்தம் தானா வரும்."

அவர் சொன்னது சரிதான். எங்கள் மெஷினில் மிதித்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும். இருபது வருஷத்துக்கு மேலாக என் வலது காலுக்குத் தெரிந்த ஒரே விஷயம், வேலை முடிகிறவரை விடக்கூடாது என்பதுதான். விடச் சொன்னால் கால் எப்படிக் கேட்கும்? ஏழெட்டுத் தடவை அமுக்கினேன். ஒரு தடவை தப்பித் தவறி விட்டேன். அப்போது வந்தது அந்தச் சத்தம். வயிற்றில் வந்து மோதியது. நான் சாம் இல்லாத இடத்தில் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கூட்டம் ஒன்றும் கூடவில்லை. எனக்குப் பின்னால் தன் முறைக்காக ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அவ்வளவுதான். மஞ்சு பக்கத்திலிருந்த காங்கோவில் என்னோடு சேர்ந்து கொஞ்சம் வாசித்தார். பாதிக்கு மேல் கால் சரியாக விட்டது, மிச்சத்துக்கு அமுக்கியது. வெளியே வந்து ஸ்டெல்லாவும் நானும் ஒரு பை டூ காபி குடித்தோம். அவள் எனக்குப் பாதிக்கு மேலேயே ஊற்றினாள்.

அன்றே ஊருக்குக் கிளம்பினேன். ஸ்டேஷனில் ஸ்டெல்லா கையசைத்துக்கொண்டே, "மாஸ்டர் கிட்ட வாயத் தொறங்க அண்ணி, இல்லன்னா நான் வந்து தொறப்பேன்" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார் அந்த மாஸ்டர் என்பது போலப் பார்த்தார்கள். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே மனதுக்குள் முழுதாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ரயிலுக்குள் நன்றாகத்தான் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி. நான் கொஞ்சம் முன்னதாகவே போய் உறைகளைக் கழற்றி மடித்து வைத்தேன். பழைய தோலை எடுத்துப் புதியதைப் போட்டு, சுற்றியுள்ள திருகுகளை எதிரெதிராக முடுக்கினேன். குழுவினர் ஒவ்வொருவராக வந்தார்கள். மாஸ்டர் வந்து விரலால் தட்டிப் பார்த்து, "பேஷ், பேஷ்" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். "அந்த வேலூர் பையனுக்கு இப்பவே சொல்லிடறேன். அடுத்த வாரத்துலேருந்து பயிற்சிக்கு வந்துடட்டும்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நம்பரைத் தேடினார். ரயிலில் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை நான் தேடினேன். முதல் சொல் வந்தது. "மாஸ்டர்."

"என்னம்மா?"

மிச்சம் வரவில்லை. வேறொன்றுதான் வந்தது. "ஸ்வல்ப தாளி" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆம்பூரைத் தாண்டாத மனிதர், கன்னடம் அவருக்கு எங்கே தெரியும்? "தாளமா?" என்றார். "சரி, போடுங்க. புதுத் தோல் எப்படிக் கேக்குதுன்னு பாக்கலாம்."

நான் திருத்தவில்லை. டாம்பரினை முன்வரிசை பெஞ்சில் வைத்துவிட்டு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஆறெண்ணி அடிதான். முதல் சுற்றில் கால் அமுக்கியது. இரண்டாவது சுற்றிலும் அமுக்கியது. மூன்றாவதில் விட்டேன். சத்தம் போய் ஆலயத்தின் பின் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும்.

பெஞ்சில் கிடந்த டாம்பரினை யாரோ எடுத்தார்கள், ஓரக்கண்ணில் தெரிந்தது. மாஸ்டர் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் காலையே பார்த்தபடி நின்றார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டார். பாடுகிறவர்கள் பக்கம் திரும்பி, ஆரம்பிக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார்.